இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

கூத்தப்பாக்கம், கடலூர்
12.10.2024

அன்பு பிரிசில்லா அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ்! மடத்துக்கு எழுதும் கடிதம் என்பதால் இதை முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். தம்பிக்குப் பக்தி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. நானும் அம்மாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நவதுறவகத்தில் பயிற்சியில் இருக்கும் ஒரு வருஷமும் போன் கிடையாது, கடிதம்தான் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது தபால் ஆபீசில் இன்லண்டு லெட்டர் கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பாண்டிச்சேரி ராஜவேல் அண்ணன் தவக்காலப் பாட்டு ஆல்பம் போடுகிறார். எல்லாப் பாட்டுக்கும் கிட்டார் நான்தான்! வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால் போதும் என்றார். கிட்டார் வயரை ஒரு சின்னப் பெட்டியில் சொருகி, அந்தப் பெட்டியை லேப்டாப்பில் சொருகி, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தால் காதுக்குள் 'ஙொய்ய்ய்ய்' என்று ஒரே இரைச்சல். முதல் பாட்டை அப்படியே அனுப்பித் தொலைத்தேன். "நீ நல்லாத்தான் வாசிக்கற தம்பி, பின்னாடி யாரு மாவு மில்லு ஓட்றது?" என்று கேட்டார் அண்ணன். மானம் போயிற்று. யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறான். நீ யு.பி.எஸ். கம்பெனியில் இந்த மாதிரி இரைச்சலோடுதானே மூன்று வருஷம் மல்லுக்கட்டினாய்? நீயே ஒரு வழி சொல்.

இன்னொன்று. மே மாதம் நீ வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு நவதுறவகத்துக்குள் போனாய். ஜூலையில் அம்மா கொத்தனாரைக் கூப்பிட்டு, வாசல் முழுக்க டைல்ஸ் பதித்து, மாதா சொரூபம் வைக்க ஒரு கெபியும் கட்டிவிட்டார். எதற்கு என்று உனக்கே தெரியும். வருகிற மே மாதம் நீ கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். தினமும் சாயங்காலம் அதற்கு ஒரு மெழுகுத்திரி. வார்த்தைப்பாட்டு அன்றைக்கு உன்னை அம்மாதான் பீடம்வரை அழைத்துப் போக வேண்டுமாமே. அதைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

உன் தம்பி,
எழிலன்


நவதுறவகம், சிதம்பரம்
20.10.2024

எழிலா,

உன் கடிதம் வந்த அன்று நான் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் மணி அடித்துச் சோறு போடுகிறார்கள்.

ஆல்பத்தில் வாசிக்கிறாயா! கடவுளுக்கு நன்றி. காலையில் கோவிலில் உனக்காகத் தனியாக ஒரு முறை முழங்கால் போட்டேன்.

இப்போது கேள். உன் புத்தி எனக்குத் தெரியும், ஒரே நேரத்தில் நாலு குமிழைத் திருகுவாய். திருகாதே. ஒன்றை மாற்று, காதால் கேள், பிறகு அடுத்தது. முதலில் கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறைத்துப் பார். இரைச்சல் போய்விட்டால் கிட்டார்தான் அதை எங்கிருந்தோ பிடிக்கிறது. போகாவிட்டால் கோளாறு வேறு இடத்தில். பிறகு வயரை மாற்று. அதற்கப்புறம் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வெறும் பேட்டரியில் வாசி. கடைசியாக வீட்டில் டியூப் லைட், பிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல். நீ கிட்டாரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்விட்சுக்கு வேறு ஒரு ஆள் வேண்டும்.

கெபி எந்த இடத்தில் கட்டியிருக்கிறார்? அழகாக இருக்கிறதா?

அம்மா எப்படி இருக்கிறார்?

அன்புடன் அக்கா


கூத்தப்பாக்கம்
10.11.2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், ராத்திரியெல்லாம் மழை. கெபி அழகாக இருக்கிறது, நீலப் பெயின்ட்.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். வால்யூமைக் குறைத்தாலும் இரைச்சல் இருக்கிறது. புது வயர் போட்டும் அதே கதை. சார்ஜரைப் பிடுங்கினேன் பார், முக்கால்வாசி போய்விட்டது! துள்ளிக் குதித்தேன். ஆனால் என் லேப்டாப் பேட்டரி சாகக் கிடக்கிறது, ஒரு பாட்டு முடியுமுன் அணைந்துவிடுகிறது. சாஃப்ட்வேரிலேயே இரைச்சலை வெட்டும் வசதி ஒன்று இருக்கிறது. போட்டேன். இரைச்சலை வெட்டியது, கூடவே என் ராகத்தின் வாலையும் வெட்டிவிட்டது. கம்பியை மீட்டிவிட்டு விட்டால், கதவைச் சாத்தின மாதிரி டக்கென்று நிற்கிறது.

ஸ்விட்சுக்கு ஆள் யார், அம்மாதான். "அவ சிதம்பரத்துல குந்திகினு என் வூட்டு பிரிட்ஜ நிறுத்தச் சொல்றாளா?" என்று ஒரு பாட்டம் திட்டினார். திட்டிக்கொண்டே போய் நிறுத்தினார். "போச்சா?" "போகலம்மா." ஹாலில் டியூப் லைட்டை அணைத்தார். "இப்ப?" "இல்லம்மா." மிக்ஸி பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "போகலன்னு எழுது அவளுக்கு" என்றார்.

எழுதிவிட்டேன். போகல.

எழிலன்


சிதம்பரம்
17.11.2024

எழிலா,

நலமாக இருக்கிறேன். சளி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

"போகலன்னு எழுது அவளுக்கு." இந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நான் இங்கே வந்த பிறகு அம்மா எனக்குச் சொல்லி அனுப்பியது இது ஒன்றுதான். ரொம்ப நன்றிடா தம்பி.

இரைச்சலை வெட்டும் அந்த வசதியை எடுத்துவிடு. அது ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைக்கிற வேலை. சார்ஜரைப் பிடுங்கினால் குறைகிறது என்றால், இரைச்சல் வீட்டுக் கரண்ட் வழியாக வருகிறது. இனி நேரத்தைக் கவனி. எப்போது ஜாஸ்தி, எப்போது கம்மி? அந்த நேரத்தில் வீட்டில் என்ன ஓடுகிறது? கம்பியில் விரல் வைத்தால் என்ன ஆகிறது?

திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. கோபித்துக்கொள்ளாதே.

அம்மா எப்படி இருக்கிறார்?

அக்கா


கூத்தப்பாக்கம்
29.12.2024

அன்பு அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. புயலில் தண்ணீர் வாசற்படி வரை வந்தது, உள்ளே வரவில்லை. கரண்ட் போய் நாலாம் நாள் வந்தது. உங்கள் பக்கமும் வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள், அம்மா சேனலை மாற்றவே விடவில்லை.

இப்போது ஒரு அதிசயம் சொல்கிறேன். கரண்ட் வந்ததும் கிட்டாரை எடுத்தேன். இரைச்சல் ரொம்பவே அடங்கிவிட்டது! சார்ஜர் சொருகியே இருக்கிறது. மழை விடாமல் பெய்த அந்த வாரத்தில் பாதிப் பாட்டை முடித்துவிட்டேன். அண்ணன் "இப்பதான்டா கிட்டார் கேக்குது" என்றார். அப்புறம் வெயில் அடித்தது. இரைச்சல் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. மழைக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம்? "மாதா செஞ்ச புதும" என்கிறார் அம்மா. மாதா ஏன் பாதியில் நிறுத்தினார் என்று கேட்டேன், கரண்டியைத் தூக்கினார்.

பண்டிகைக்கு அம்மா கல்கல் பலகாரம் செய்தார். ஒரு பொட்டலம் தனியாகக் கட்டி பிரிட்ஜ் மேல் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தோடு அதை அனுப்பியிருக்கிறேன்.

எழிலன்


சிதம்பரம்
5.1.2025

எழிலா,

புத்தாண்டு வாழ்த்து. கல்கல் வந்தது. எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். மீதியை நானே தின்றேன், ஒரு வெட்கமும் இல்லை. அம்மா கையால் தின்று எவ்வளவு நாளாயிற்று!

மழையில் போனது வெயிலில் வந்தது என்று எழுதினாயே, அங்கேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. எர்த். வாசலில் எர்த் குழி இருக்கிறதே, வீட்டு எர்த் கம்பி அதற்குள்தான் இறங்குகிறது. மண் காய்ந்தால் அது வேலை செய்யாது. அதனால்தான் நான் வீட்டில் இருந்தபோது வாரம் தவறாமல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவேன். உன்னையும் ஊற்றச் சொன்னேன். ஊற்றினாயா? ஊற்றியிருக்க மாட்டாய். இன்றைக்கே ஊற்று.

நான் கேட்ட கேள்விகளில் பாதிக்கு நீ பதிலே எழுதுவதில்லை. இரைச்சல் எந்த நேரத்தில் ஜாஸ்தி? கம்பியைத் தொட்டால் என்ன ஆகிறது?

அம்மா எப்படி இருக்கிறார்?

அக்கா


கூத்தப்பாக்கம்
26.1.2025

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். பதில் லேட்டாகிவிட்டது, கம்பெனியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள்.

எர்த் குழியைத் தேடினேன். வாசல் முழுக்க டைல்ஸ்தான் இருக்கிறது, குழி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

உன் கேள்விகளுக்கு இதோ பதில், திட்டாதே. சனிக்கிழமை காலையில்தான் இரைச்சல் ஜாஸ்தி. அம்மா அப்போது வாஷிங் மெஷின் போடுவார். அது சுற்ற ஆரம்பித்தால் காதே பிய்ந்துவிடும். கம்பியில் விரல் வைத்தால் இரைச்சல் கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் விரல் நுனியில் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டால் அது தெரிவதில்லை. அம்மாவுக்கும் அப்படித்தானாம். மெஷின் பக்கம் போகும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வார். "தொட்டா சுர்ருங்கும், அது அப்பிடித்தான்" என்கிறார். பொங்கலுக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம். "இன்னாத்துக்கும்மா சொல்லல?" என்றேன். "யாருகிட்ட சொல்றது? இதெல்லாம் பாக்கறவதான் போயிட்டாளே" என்றார்.

இன்னும் மூன்று பாட்டு பாக்கி. அடுத்த சனிக்கிழமை எப்படியாவது முடித்துவிட வேண்டும்.

எழிலன்


சிதம்பரம்
30.1.2025

எழிலா,

இந்தக் கடிதம் வருமுன்னே போன் வந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், காரணத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கடிதம் மதியம் வந்தது. படித்துக்கொண்டே எங்கள் மடத்து மதர் அறைக்கு ஓடினேன். நாங்கள் ஓடக்கூடாது. மதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனை எடுத்து, நம்பர் சொல்லு என்றார். நான் பக்கத்தில் நின்றேன். சிதம்பரத்திலிருந்து என்று மதர் சொன்னதுதான் தாமதம், "எம்பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்று அம்மா போட்ட சத்தம் போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. உங்கள் மகளுக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் ஆபத்து, மெயினை நிறுத்துங்கள், மெஷினைத் தொடாதீர்கள் என்று மதர் நிதானமாகச் சொன்னார். அம்மா சரி என்றார். என்னோடு பேச வேண்டும் என்று கேட்கவில்லை. நானும் போனுக்குக் கை நீட்டவில்லை.

என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். நம் வீட்டு எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. வாஷிங் மெஷினில் கரண்ட் கசிகிறது. அது மண்ணுக்குள் போக வழியில்லாமல், வீட்டில் இருக்கும் எல்லா மூன்று பின் பிளக்குக்கும் பரவுகிறது. உன் சார்ஜருக்கு, அதிலிருந்து லேப்டாப்புக்கு, பெட்டிக்கு, கிட்டார் கம்பிக்கு. நீ விரலில் எறும்பு என்று எழுதியிருக்கிறாயே, அடப்பாவி, அது எறும்பா?

கடவுளே, இத்தனை நாள் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றினீரே. வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

அக்கா


கூத்தப்பாக்கம்
9.2.2025

அன்பு அக்காவுக்கு,

முதலில் இதைப் படி: இரண்டு பேரும் பத்திரம். இனி பயமில்லை.

அன்றைக்கு நான் வேலையிலிருந்து வந்தபோது மெயின் அணைந்திருந்தது. மின்விசிறிகூட இல்லாமல் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை வரை பொறுக்காமல் போட்டிருந்த மெஷினில் பாதி துவைத்த துணி அப்படியே கிடந்தது. "தொடாத. அவ சொல்லியிருக்கா" என்றார்.

எலக்ட்ரீஷியன் கலியமூர்த்தி அண்ணன் வந்து மெஷின் மேல் மீட்டரை வைத்ததும் அவர் முகமே மாறிவிட்டது. "அம்மா, செருப்பு இல்லாம ஈரத்தரையில ஒரு நாள் நின்னுருந்தீங்கன்னா…" என்று இழுத்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்புறம் அண்ணன் எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனார். சுவர் ஓரமாக வந்து, கெபிக்கு அடியில் போய் நின்றது. கொத்தனார் அஸ்திவாரம் போட இடைஞ்சல் என்று கம்பியைக் கத்தரித்து, முனையை மண்ணிலேயே விட்டுவிட்டு, மேலே கான்கிரீட் போட்டிருக்கிறார். மழையில் அந்த மண் ஊறியபோது கொஞ்சம் வேலை செய்திருக்கிறது. கெபி எந்த இடத்தில் என்று நீ அக்டோபரிலேயே கேட்டாய். நான்தான் நீலப் பெயின்ட் என்று பதில் எழுதினேன். என்னைச் செருப்பால் அடி.

"வாசல்ல இவ்ளோ எடம் இருக்க, எர்த் குழி மேலயேவாம்மா கட்டுவீங்க?" என்று கலியமூர்த்தி அண்ணன் கேட்டார். அம்மா கெபியையே பார்த்தார். "குழின்னு எனக்கு இன்னா தெரியும்? எம்பொண்ணு வாரா வாரம் அந்த எடத்துல ஒரு வாளி தண்ணி ஊத்துவா. ஒரு செடியும் மொளைக்கல, ஆனாலும் வுடமாட்டா. அவ நின்ன எடம்னுதான் அங்க கட்டச் சொன்னேன்" என்றார். நான் உள்ளே போய்விட்டேன் அக்கா, அங்கே நிற்க முடியவில்லை.

கெபியைத் தொடவில்லை. பக்கத்தில் டைல்ஸைப் பெயர்த்துப் புதுக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பியை இறக்கினார். மெஷினையும் சரி செய்தாயிற்று. கசிந்தால் தானாக அணைகிற ஸ்விட்ச் ஒன்றும் போர்டில் வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் கிட்டாரைச் சொருகினேன். சார்ஜரும் இருக்கிறது, பிரிட்ஜும் ஓடுகிறது, மெஷினும் சுற்றுகிறது. காதில் ஒன்றுமே இல்லை. நான் வாசிக்காமல் சும்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "போச்சு. எழுது அவளுக்கு" என்றார்.

பாட்டு எல்லாம் அனுப்பியாயிற்று. ராஜவேல் அண்ணனுக்கு ரொம்பச் சந்தோஷம்.

மே மாதம் பற்றி அன்றைக்கே கேட்டேன். துணி காயப்போடப் போய்விட்டார்.

எழிலன்


சிதம்பரம்
16.2.2025

எழிலா,

நான் நலம். நீங்கள் நலம் என்று இந்தத் தடவைதான் உண்மையாக நம்பிப் படித்தேன்.

கலியமூர்த்தி அண்ணனுக்கு என் நன்றியைச் சொல். அந்த மாவு மில்லுக்கும் நன்றி. அது இரையாமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடாதே, நான் ஒரு தடவை அதைப் பார்க்க வேண்டும்.

அம்மாவை வற்புறுத்தாதே. உயிரோடு இருக்கிறார், எனக்கு அது போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை. போதாது. வார்த்தைப்பாட்டு அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் அம்மா வேண்டும். மற்றவர்களின் அம்மாக்கள் இப்போதே புடவை எடுத்துவிட்டார்கள். நான் யாரோடு நடப்பது என்று மதர் கேட்டார், தெரியவில்லை என்றேன்.

தவக்காலம் வருகிறது. இனி ஈஸ்டருக்குப் பிறகுதான்.

அம்மா எப்படி இருக்கிறார்?

அக்கா


கூத்தப்பாக்கம்
27.4.2025

அம்மாடி பிரிசில்லா,

அம்மா சவரியம்மாள் எழுதறது. நல்லாயிருக்கேன். அம்மா எப்படி இருக்கிறார், அம்மா எப்படி இருக்கிறார்னு அவனையே கேட்டுகினு இருந்தா நான் இன்னா பதில் சொல்றது? அதான் நானே எழுதறேன். பள்ளிக்கூடத்த வுட்ட பொறவு இவ்ளோ எழுதினதே இல்ல, எழுத்து கோணலாத்தான் இருக்கும், திட்டாம படி.

உன் கடுதாசிய எழிலன் எனக்கு வாசிச்சுக் காட்டுவான். தவக்காலத்துக்கு முன்ன வந்தத மட்டும் வாசிக்கல, ஜோப்புல வச்சிகினே திரிஞ்சான். ஈஸ்டர் அன்னிக்கிப் புடுங்கி நானே படிச்சேன். போதாதுன்னு எழுதியிருக்க. படிச்சிட்டு அடுப்புல சோறு தீயற வரைக்கும் குந்தியிருந்தேன்.

என் உசுர காப்பாத்தினதுக்காவ எறங்கி வந்துட்டேன்னு நெனைக்காத. அதுக்கு நன்றி, ஆயுசுக்கும் நன்றி, அது வேற. பொண்ணு நம்மள வுட்டுட்டுப் போயிட்டான்னு நான் ஊரு முச்சூடும் சொல்லிகினு திரிஞ்சேன். அங்க குந்திகினு என் வூட்டுல எந்தக் கம்பி அறுந்துதுன்னு சொல்ற. பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரியல. போனவளா நீ? என் புத்தியத்தான் சொல்லணும்.

நம்ம கோயில் சாமியார்கிட்ட போயி, வேண்டுதல வாபஸ் வாங்கலாமான்னு கேட்டேன். தாராளமா வாங்கலாம்னு சிரிச்சாரு. வாங்கிட்டேன்.

எழிலனுக்கு லீவு சொல்லியாச்சு. மொத நாளே வந்துடறோம். சந்தன கலருல புடவ எடுத்திருக்கேன், போதுமா, இல்ல வெள்ளைதான் கட்டணுமா? உனுக்கு நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு கொண்டாரணும்னு ஆசையா இருக்கு. அங்கல்லாம் அத உள்ள வுடுவாங்களா? மதர் அம்மாவ கேட்டு எழுது.

அம்மா


சிதம்பரம்
2.5.2025

அம்மா,

நான் நலம். நான் ரொம்ப ரொம்ப நலம்.

சந்தனக் கலர் போதும். கருவாட்டுக் குழம்பு பற்றி மதரிடம் கேட்டேன். எங்கள் எல்லோருக்கும் வருகிற மாதிரி பெரிய பாத்திரத்தில் கொண்டுவரச் சொன்னார். நான் யாரோடு நடப்பேன் என்று அவர் பதிவேட்டில் இடம் விட்டு வைத்திருந்தார். இன்று காலை என்னைக் கூப்பிட்டுப் பேனாவை என் கையிலேயே கொடுத்தார். உங்கள் பெயரை நானே எழுதினேன்.

வாங்கம்மா.

பிரிசில்லா